சுக்கான் பக்கத்து நாற்காலி

எங்கள் அண்ணிக்கு எல்லாம் தெரியும், குழைந்து பேச மட்டும் தெரியாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவளோடு ஒரே படகில், ஒரே அறையில், ஒரே சோப்புக்கட்டியைப் பங்கு போட்டுக் குடித்தனம் நடத்துகிறவள் என்ற உரிமையில் சொல்கிறேன். நாத்தனார் என்றால் அண்ணியைப் பற்றிப் போகிற இடமெல்லாம் குறை பாடுவாள் என்று ஊருக்கு ஒரு நினைப்பு. நானும் பாடியிருக்கிறேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவள் படகோட்டும் அழகைப் பற்றி வேறு யாராவது ஒரு வார்த்தை சொல்லிப் பார்க்கட்டும், அப்புறம் தெரியும் நான் யார் என்று.

எங்கள் தீவைச் சுற்றிப் பவளப்பாறை வளையம் கட்டியிருக்கிறது. அந்த வளையத்துக்குள் அடங்கிக் கிடக்கும் கடலைத்தான் காயல் என்கிறோம். வெளியே அலை எகிறிக் குதித்தாலும் உள்ளே தண்ணீர் தட்டில் ஊற்றி வைத்ததுபோல் இருக்கும். சொகுசுப் படகை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, அதிலேயே உண்டு உறங்கிக் காயலைச் சுற்றிப் பார்க்க வெளியூர் ஆட்கள் வருவார்கள். இந்தத் தொழிலில் எங்கள் படகு சின்னது. விருந்தினருக்கு இரண்டு படுக்கையறை, நடுவில் ஒரு கூடம், பின்பக்கம் தண்ணீரில் இறங்க ஏணி, மேலே வெயில் காய மெத்தை. கூடத்தின் முன்கோடியில் கண்ணாடி அடைத்த சுக்கான் அறை. அதற்கும் முன்னால், படகின் மூக்கில், எங்கள் இருவருக்கும் ஓர் அறை. அறை என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. நான் புரண்டு படுக்க வேண்டுமென்றால் அண்ணி எழுந்து உட்கார வேண்டும்.

அண்ணி கேப்டன். மிச்சம் எல்லாம் நான். சமையல், படுக்கை விரிப்பு, பாத்திரம், கயிறு, நங்கூரம், விருந்தினர் நனைத்துப் போடும் துண்டு, அவர்கள் கேட்கும் கேள்வி, எல்லாம் என் தலையில்.

இந்தப் படகுக்கு வருமுன் அவள் அக்கரைக்குப் போய்வரும் பயணிகள் படகில் இருந்தாள். எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தபோது அங்கே டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தாள். பிறகு கயிறு கட்டும் வேலைக்குப் போனாள். சுக்கான் பிடித்தவருக்கு அடிக்கடி முதுகு பிடித்துக்கொள்ளும். அவர் படுத்த நாட்களில் பக்கத்தில் நின்று பழகிப் பழகி, கடைசியில் உரிமத் தேர்வுக்கே உட்கார்ந்துவிட்டாள். அவள் படித்த காலத்தில் எங்கள் வீட்டு அடுப்பில் பால் பொங்காத நாள் கிடையாது. துடைத்தது என் அண்ணன். படகு எஞ்சின் பிரித்து மாட்டுகிற மெக்கானிக் அவன், துணிக்கும் கிரீஸுக்கும் பழகின கை. அவள் தேறிய அன்று தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லோரையும் நிறுத்திச் சொன்னான். சிலிண்டர் கொண்டுவந்தவரைக்கூட விடவில்லை.

தேறியதும் அந்தப் பயணிகள் படகின் சுக்கான் அவள் கைக்கு வந்தது. அங்கே அவளுக்கு 'விசில் அக்கா' என்று பெயர். கிளம்புகிற நேரம் வந்துவிட்டால் விசில் ஊதுவாள். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு ஓடிவருகிறவர்களுக்காகக் கொஞ்சம் பொறுப்பாள், ஆடி அசைந்து வருகிறவர்களுக்காகப் பொறுக்க மாட்டாள். "உள்ள தள்ளி நில்லுங்க! பையை மடியில வைங்க!" என்று அவள் போடும் சத்தம் கரையிலிருந்து பார்த்தால் எஞ்சினை மிஞ்சும். அந்தப் படகில் தினமும் ஒரு மனிதர் கையில் காப்பிக் கோப்பையோடு ஓரமாக நின்று வருவார். விளிம்பு வரை காப்பி. காற்று அடித்தாலும் மழை பெய்தாலும் படகு துறையில் அணையும்போது அந்தக் காப்பி ஒரு சொட்டுச் சிந்தியதில்லை. ஒரு நாள் அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, தன்னிடம் ஒரு சொகுசுப் படகு இருப்பதாகவும் அதற்குக் கேப்டன் தேடுவதாகவும் சொன்னார். அவர்தான் எங்கள் முதலாளி.

அண்ணி விலகிய நாளில் பயணிகள் எல்லாரும் கை தட்டி அனுப்பினார்கள். அவள் இடத்தில் அடுத்த வாரமே வேறொருவர் நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டார். நானும் ஓர் அலுவலகக் கேன்டீனில் கரண்டி பிடித்துக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு அவள் பின்னாலேயே ஏறிவிட்டேன்.

ஏறிய பிறகுதான் வந்தது வினை. முதல் விருந்தினர் புதுமணத் தம்பதி. மொத்தப் படகிலும் இரண்டே பேர். அவர்களைப் பார்த்து அண்ணி பழக்கதோஷத்தில், "உள்ள தள்ளி நில்லுங்க!" என்று ஒரு அதட்டல் போட்டாள். எங்கே தள்ளுவது? பாவம், இருவரும் ஒருவர்மேல் ஒருவர் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். நான் சமையலறைக்குள் ஓடிப் போய்ச் சிரித்துத் தீர்த்தேன். மணல்திட்டில் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்களை மறுநாள் விசில் ஊதிக் கூப்பிட்டாள். அதோடு முதல் புகார். அடுத்து வந்தவர்கள் ஒரு கம்பெனி ஆட்கள். பாறை வளையத்தில் திறப்பு இருக்கும் இடத்தில், நீர் இழுத்துக்கொண்டு ஓடும் வாயிலில் நீந்த வேண்டும் என்றார்கள். அண்ணி, "முடியாது" என்றாள். அந்த ஒரு சொல்தான். முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. இரண்டாவது புகார்.

முதலாளி எங்கள் இருவரையும் உட்கார வைத்துப் பேசினார். நல்ல மனிதர்தான், ஆனால் தொழில் தொழில்தானே.

"ஓட்டறதுல உன்னை அடிச்சுக்க ஆள் இல்லம்மா. ஆனா இங்க வர்றவங்க பயணிங்க இல்ல, விருந்தாளிங்க. இன்னொரு புகார் வந்துச்சுன்னா படகை வேற ஆள்கிட்ட கொடுத்துடுவேன். அப்புறம் என்மேல வருத்தப்படாதே. அதோட இன்னொண்ணு, கண்ணாடி ரூமுக்குள்ள விருந்தாளி கால் படக்கூடாது. இன்சூரன்ஸ்காரன் ஒத்துக்க மாட்டான்."

வேற ஆளும் தயாராகத்தான் இருந்தார். படகுத்துறைப் பெஞ்சில் உட்கார்ந்து, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி எங்கள் படகை மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருப்பார். அவரைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்த வேலை போனால் அண்ணிக்குத் திரும்பிப் போக இடமில்லை. அதைவிட, கை தட்டி அனுப்பிய அத்தனை பேர் முகத்திலும் எப்படி விழிப்பாள்? அவள் வாய் திறந்து சொல்லவில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க அவள் படகின் பித்தளைக் கைப்பிடிகளைத் தேய்த்த தேய்ப்பிலேயே எனக்குப் புரிந்தது.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் ஜவுளிக்கடைக்காரர்.

நான்கு பேர் வந்தார்கள். கடைக்காரர், அவர் மனைவி, மனைவியின் தம்பி, தம்பியின் மனைவி. மூன்று நாள் சுற்றுலா. கடைக்காரர் நல்ல ஆகிருதி, மடிப்புக் கலையாத சட்டை, கட்டைக் குரல். துறையிலிருந்து படகுக்குப் போட்டிருந்த பலகையில் ஒரு காலை வைத்தவர் அப்படியே நின்றார்.

"இந்தப் பலகை ஆடுது."

"ஆடும், சார்" என்றாள் அண்ணி.

"ஏன் ஆடுது?"

"படகு தண்ணில இருக்கு, சார்."

தம்பிக்காரன் பின்னாலிருந்து விழுந்து விழுந்து சிரித்தான். கடைக்காரர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆரம்பமே அமர்க்களம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அன்று முழுவதும் அவர் எங்களை ஒரு வழி பண்ணிவிட்டார். படகு கிளம்பினால், "ஏன் இவ்வளவு வேகம்?" நின்றால், "நட்ட நடுவுல ஏன் நிறுத்தினீங்க?" எஞ்சின் சத்தம் சரியில்லையாம். படகு ஒரு பக்கம் சாய்கிறதாம். தன் கடையில் இப்படி ஒரு சேவை செய்தால் வாடிக்கையாளர் வருவானா என்று என்னிடம் கேட்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு எலுமிச்சை ஜூஸ் கலந்து கொடுத்தேன். தம்பிக்காரன் பின்பக்க ஏணியிலிருந்து தண்ணீரில் குதித்துக்கொண்டிருந்தான். "மாமா, வாங்க! இடுப்பளவுதான்!" என்று கத்தினான். "சளி பிடிச்சிருக்கு மாப்பிள்ளை" என்று இவர் கூடத்து நடுவில் மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைக்காரரின் மனைவியான அந்த அம்மாள் மட்டும் இதில் எதிலும் சேரவில்லை. பின்தளத்தில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பயணம் அவளுடைய வெகுநாள் ஆசை என்று தம்பி மனைவி என்னிடம் சொன்னாள்.

பொழுது சாய்ந்ததும் ஒரு சின்னத் தீவின் மறைவில் நங்கூரம் இறக்கினோம். அருமையாக மீன் வறுத்திருந்தேன். கடைக்காரர் தட்டு வைத்தது வைத்தபடி திரும்பி வந்தது. எனக்கு வந்ததே கோபம். பாத்திரம் கழுவும்போது தண்ணீரைவிட என் வாய்தான் அதிகம் கொட்டியது.

"என்ன திமிர், அண்ணி! வாடகை கொடுத்துட்டா நம்மள விலைக்கு வாங்கின நினைப்பா? இவர்தான் மூணாவது புகார். எழுதி வச்சுக்குங்க."

அண்ணி தட்டைத் துடைத்து அடுக்கிக்கொண்டே, "அவர் திமிர் பிடிச்சவர் இல்ல. பயந்தவர்" என்றாள்.

"அவரா? அந்தக் குரலா?"

"கிளம்பினதுலேருந்து அவர் கை எதையாவது பிடிக்காம இருந்து பார்த்தியா? மேசை, கம்பி, கதவு, ஒண்ணு விட்டா ஒண்ணு. ஓரத்துப் பக்கமே வரல. ஷூவைக் கழட்டல. பயணிங்க படகுல இந்த மாதிரி தினமும் ரெண்டு பேர் வருவாங்க. பயம்னு சொல்ல வெக்கம். அதனால படகைத் திட்டுவாங்க, என்னைத் திட்டுவாங்க."

"அப்ப என்ன செய்வீங்க?"

"ஸ்டியரிங் பக்கத்துல கூப்பிட்டு நிக்க வச்சு ஏதாவது வேலை கொடுத்துடுவேன். கண்ணு தூரத்துல போயிட்டா வயிறு அடங்கிடும். யார் ஓட்டறா, எப்படி ஓட்டறான்னு பார்த்துட்டா மனசும் அடங்கிடும்."

நான் கழுவிய கரண்டியைத் தொட்டியிலேயே போட்டேன். "இங்க அந்த வேலையே வேண்டாம். முதலாளி சொன்னது ஞாபகம் இருக்குல்ல? அவர் சம்சாரத்துகிட்ட மெதுவா சொல்லிடுவோம், அவங்க பார்த்துக்கட்டும்."

"சொன்னா அது தம்பி காதுக்குப் போகும். அப்புறம் அந்த மனுஷன் மாமனார் வீட்டுப் பக்கம் தலை நிமிர்ந்து போக முடியுமா? சும்மா இரு, பார்ப்போம்" என்றாள்.

பார்க்க வெகுநேரம் ஆகவில்லை. மறுநாள் காலை, முட்டையும் ரொட்டியும் பரிமாறிக்கொண்டிருக்கிறேன், கடைக்காரர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தார். கண் இரண்டும் சிவந்து கிடந்தன.

"படகைத் திருப்பச் சொல்லுங்க. இந்தப் படகு சரியில்ல. ஓட்டற ஆளும் சரியில்ல. முதலாளிக்கு நானே போன் போடறேன்."

கையில் போனை எடுத்துவிட்டார். அந்த அம்மாள் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். தம்பிக்காரன் ரொட்டியை மென்றுகொண்டே, "படகு நல்லாத்தான் இருக்கு. மாமாவுக்குத்தான் உதறுது!" என்றான். அவன் மனைவியும் சிரித்துவிட்டாள். கடைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. அந்தச் சிரிப்பு அவரை எங்கே அடித்தது என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அண்ணி சுக்கான் அறையிலிருந்து வெளியே வந்தாள். ஒன்றுமே காதில் விழாதவள்போல, நேராகக் கடைக்காரரைப் பார்த்துப் பேசினாள்.

"சார், ஒரு உதவி வேணும். இன்னிக்குப் பாறை இடுக்கு வழியா போறோம். தண்ணி நிறத்தைப் பார்த்துப் பார்த்துச் சொல்ல எனக்குப் பக்கத்துல ஒரு ஆள் வேணும். வழக்கமா இவ நிப்பா. இவளுக்கு அடுப்படில வேலை கிடக்கு. நிறம் பார்க்கறதுக்கு உங்களைவிட ஆள் எனக்கு எங்க கிடைக்கும்?"

தம்பிக்காரன் மெல்லுவதை நிறுத்திவிட்டான். கடைக்காரர் போனைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார், அப்புறம் மைத்துனனைப் பார்த்தார்.

"நிறமா?" என்றார். "நிறம் பார்க்க எனக்குச் சொல்லித் தரணுமா?"

போன் சட்டைப்பைக்குள் போயிற்று.

அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்து, பின்தளத்திலிருந்து ஒரு மடக்கு நாற்காலியைக் கொண்டுவரச் சொன்னாள். விருந்தாளி கால் படக்கூடாது என்ற அறைக்குள், அவர் உட்காரும் நாற்காலியை நானே என் கையால் தூக்கிக்கொண்டு போய்ச் சுக்கானுக்குப் பக்கத்தில் ஒட்டிப் போட்டேன். போட்டுவிட்டு, 'நல்லா இருங்க' என்று கண்ணாலேயே அண்ணியைச் சபித்துவிட்டு வந்தேன்.

ஆனால் சமையலறைக்கும் அந்த அறைக்கும் நடுவில் ஒரு அரைக்கதவுதான். வெங்காயம் நறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டேன்.

"தூரத்துல அந்த ஒத்தை மரம் தெரியுதா, சார்? அதைவிட்டுக் கண்ணை எடுத்தா தண்ணியைப் பாருங்க. தண்ணியை விட்டா மரத்தைப் பாருங்க. கிட்டத்துல எதையும் பார்க்க வேண்டாம். பழுப்பா தெரிஞ்சா பாறை, உடனே சொல்லணும். வெளிர்ப் பச்சைன்னா மணல், ஆழம் இல்ல. நீலம்னா நமக்கு வழி."

நான் இரண்டாவது வெங்காயத்தை எடுத்தேன். பிறகு அந்தக் கட்டைக் குரல் கேட்டது. "வலது பக்கம் பழுப்பு."

"பார்த்துட்டேன், சார்."

"இதைப் பழுப்புன்னு சொன்னா தப்பு. காப்பிப்பொடி நிறம். அதுக்கு அந்தப் பக்கம் இருக்கே, அதுதான் பழுப்பு. வைக்கோல் கலந்த பழுப்பு."

"காப்பிப்பொடின்னா பாறை மேல வந்திருக்கு. வைக்கோல்னா கீழ இருக்கு. நல்லா சொன்னீங்க."

அவ்வளவுதான். அணை உடைந்ததுபோல் மனிதர் பேச ஆரம்பித்துவிட்டார். கிளிப்பச்சை, பாசிப்பச்சை, இலைப்பச்சை, பிஸ்தாப் பச்சை. நாங்கள் இத்தனை வருஷமாக ஒரே நீலம் என்று ஓட்டிக்கொண்டிருந்த தண்ணீரில் அவர் ஒரு மாடி நிறைய நீலத்தை எடுத்துப் பிரித்துப் போட்டார். அண்ணி அவர் சொன்ன சொல்லையே பிடித்துக்கொண்டாள். "மயில்கழுத்து எதுவரைக்கும் போகுது, சார்?" என்று கேட்பாள். "அந்த வெள்ளைப் பறவை உக்காந்திருக்கே, அதுவரைக்கும் ஒரே தான் துணியில வெட்டினது மாதிரி மயில்கழுத்து. தைரியமா போங்க" என்பார். தைரியமாகப் போங்க! அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தபோது எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. சிரிப்பு மட்டும் இல்லை, வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுக் கண்ணையும் துடைத்துக்கொண்டேன்.

பாறை இடுக்கில் இரண்டு பக்கமும் கை நீட்டினால் தொடலாம் போலிருக்கும். அந்த இடத்தில் நானே மூச்சைப் பிடித்துக்கொள்வேன். கடைக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்து, கண்ணாடியில் மூக்கு உரச நின்றுகொண்டு, "இடது... இன்னும் இடது... போதும், நேரா விடுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவர் கை எதையும் பிடித்திருக்கவில்லை. இரண்டு கையும் காற்றில், துணி விரித்துக் காட்டுகிற மாதிரி.

இடுக்கைத் தாண்டி வெளியே வந்ததும் அவர் மனைவி அரைக்கதவருகே வந்து எட்டிப் பார்த்தாள். புருஷனை அப்படி அவள் அதற்குமுன் பார்த்திருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். என்னிடமிருந்து ஒரு டம்ளர் ஜூஸ் வாங்கி உள்ளே நீட்டினாள். அவர் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமலே வாங்கிக் குடித்தார்.

மத்தியானம் அவர் தட்டு வழித்து வந்தது. மறுசோறும் கேட்டார். அடுத்த நாளும் நாற்காலி அங்கேயே கிடந்தது. எங்கும் பாறையில்லாத ஆழமான இடத்தில், அண்ணி கை எட்டும் தூரத்தில் நின்றுகொண்டு, சுக்கானை அவர் கையில் கொடுத்தாள். தம்பிக்காரன் கண்ணாடிக்கு வெளியே நின்று படம் எடுத்தான். "மாமா, கலக்குறீங்க!" என்றான். அவன் குரலில் கிண்டல் போய் மரியாதை ஏறியிருந்தது. கடைக்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஊருக்குப் போய்ச் சொல்ல அவருக்கு ஒரு கதை கிடைத்துவிட்டது. அந்தக் கதையில் பயம் என்ற சொல்லே வராது. அண்ணிக்கு வேண்டியதும் அதுதான்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். துறையை நெருங்கும்போது பார்த்தால், முதலாளி நின்றுகொண்டிருந்தார். பெஞ்சுக்காரரும் பக்கத்தில். கடைக்காரரோ சுக்கான் பக்கத்து நாற்காலியில் கம்பீரமாக உட்கார்ந்து, கண்ணாடி வழியாக முதலாளிக்குக் கையாட்டினார்.

அண்ணி எப்போதும்போல் படகை அலுங்காமல் குலுங்காமல் அணைத்தாள். முதலாளி விருந்தினரைக் கும்பிட்டு இறக்கிவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "கண்ணாடி ரூமுக்குள்ள சார் எப்படி வந்தார்?"

அண்ணி பதில் சொல்வதற்குள் தம்பிக்காரன் முந்திக்கொண்டான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். "எங்க மாமாதான் சார் ரெண்டு நாளா வழி காட்டினார்! பாறைக்குள்ள இவங்களுக்குத் தெரியல போல, மாமாவைக் கூப்பிட்டு நிறம் சொல்லச் சொன்னாங்க. அவர் இல்லேன்னா என்ன ஆகியிருக்குமோ! ஓட்டவே ஓட்டினார், படம் இருக்கு, பாருங்க."

போனை முதலாளி மூக்கருகே நீட்டினான். பெஞ்சுக்காரரும் எட்டிப் பார்த்தார். கடைக்காரர் அந்தக் கடைசிச் சொற்களைக் கேட்டு மார்பை நிமிர்த்தினார். முதலாளி முகம் கறுத்துக்கொண்டே போனதை அவர் கவனிக்கவில்லை.

"வழி தெரியாம விருந்தாளியைக் கூப்பிட்டியா?" என்றார் முதலாளி.

"கூப்பிட்டது நான்தான், சார்."

"ஏன்னு கேக்கறேன்."

அண்ணி பேசவில்லை. நான் வாயைத் திறந்தேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எத்தனையோ பார்வை பார்த்திருக்கிறாள், இது வேறு. திறந்த வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். 'அவர் பயந்து நடுங்கினார், சார்.' படகு மிஞ்சும், வேலை மிஞ்சும், எங்கள் மானம் மிஞ்சும். அவர் மானம்தான் போகும். அவர் யார் நமக்கு?

"சரி" என்றார் முதலாளி. பெரிய மூச்சாக விட்டார். "சாவியைக் கொடும்மா."

அண்ணி இடுப்பிலிருந்து சாவியைக் கழற்றினாள். அவர் கையில் வைத்தாள். "டீசல் பாதி இருக்கு. வலது பக்க எஞ்சினுக்கு எண்ணெய் மாத்தணும்" என்று மட்டும் சொன்னாள். பெஞ்சுக்காரர் ஒரு அடி முன்னால் வந்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதோடு கூடவே, சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஒரு பெருமையும் வந்தது. என் அண்ணி, எங்கள் வீட்டுக்கு வந்தவள், இப்படி ஒருத்தி என்ற பெருமை.

பெட்டியைத் தூக்கக் குனிந்த கடைக்காரர் அந்தச் சாவி கை மாறியதைப் பார்த்துவிட்டார். நிமிர்ந்தார். அண்ணியைப் பார்த்தார். மைத்துனனைப் பார்த்தார்.

"அந்தச் சாவியை அவங்ககிட்ட கொடுங்க, சார்."

"இது எங்க வேலை விஷயம், சார். நீங்க மனசுல வச்சுக்காதீங்க."

"இது என் விஷயம்." கட்டைக் குரல் கொஞ்சம் உடைந்தது. "எனக்குத் தண்ணின்னா பயம். நேத்து முந்தாநேத்துப் பயம் இல்ல, விவரம் தெரிஞ்ச நாள்லேருந்து. முதல் நாள் ராத்திரி லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கிட்டேதான் படுத்தேன். இவளைக் கேளுங்க."

"ஆமா" என்றாள் அந்த அம்மாள். "பக்கிள் குத்திக் குத்தி எனக்கு இன்னும் முதுகு வலிக்குது." சொல்லிக்கொண்டே அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தம்மாவுக்கு வழி தெரியாம இல்ல. ஒவ்வொரு தடவையும் நான் நிறம் சொல்றதுக்கு முன்னாடியே ஸ்டியரிங் திரும்பிடும். ரெண்டாவது நாளே கவனிச்சுட்டேன். கவனிச்சும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன், எனக்கு நல்லா இருந்துச்சு." மைத்துனன் பக்கம் திரும்பினார். "போதுமா மாப்பிள்ளை? இப்ப சிரிச்சுக்கோ."

அவன் சிரிக்கவில்லை. வந்து மாமாவின் பெட்டியை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டான்.

முதலாளி சாவியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அண்ணியைக் கேட்டார். "இதை நீ சொல்லியிருக்கலாமே? வாயைத் திறந்து ஒரு வார்த்தை!"

"அது அவர் சொல்ல வேண்டியது, சார். நான் சொல்றதுக்கு இல்ல" என்றாள் அண்ணி.

கடைக்காரர் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"சரி, நடந்தது நடந்துபோச்சு" என்றார் முதலாளி. "இனிமே அந்த ரூமுக்குள்ள யாரையும் விட மாட்டேன்னு சொல்லு. வாங்கிக்கோ."

சொல்லித் தொலையேன் என்று என் மனம் அடித்துக்கொண்டது. தலையை ஆட்டினால்கூடப் போதும்.

"பயந்தவங்க வந்தா கூப்பிடுவேன், சார்" என்றாள்.

முதலாளி அவளையே பார்த்தார். பெஞ்சுக்காரர் அவரையே பார்த்தார். கடைக்காரர்தான் முதலில் சிரித்தார், வயிறு குலுங்க, துறை முழுக்கக் கேட்கும்படி. முதலாளிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சாவியை அண்ணியின் கையில் வைத்து, அவள் விரல்களை அவரே மடக்கி மூடினார். "இன்சூரன்ஸ்காரனை நான் பார்த்துக்கறேன். போ, எண்ணெயை மாத்து" என்றார்.